விலை கொடுத்து வாங்கிய பெட்டி

காத்தமுத்து கிட்டாரின் முனையைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டுதான் வாசிப்பான். அப்படி வாசித்தால்தான் அவனுக்கே கேட்கும். தடித்த கம்பிகள் நான்கு கட்டிய பேஸ் கிட்டார் அது. உள்ளே குடைவு எதுவும் இல்லாத முழுக் கட்டை. ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு இணைத்துக் கரண்ட் கொடுத்தால் ஒழிய அதற்கு வாய் கிடையாது. அவனிடம் பெட்டி இல்லை. சேரம்பாடித் தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்து வரிசை வீட்டில் கரண்டும் இல்லை. ஆகவே எலும்பு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் மகளை அணைத்துப் படுத்திருக்கும் மனைவி தெய்வம்மாவுக்குக் கம்பியில் விரல் படுகிற டிக், டிக் மட்டும் கேட்கும். கூரையில் ஏதோ பூச்சி ஓட்டைக் கொறிப்பது மாதிரி இருக்கும்.

கிட்டாரைக் கீழே வைத்த பிறகும் அவன் சும்மா இருக்கமாட்டான். சோற்றுத் தட்டின் விளிம்பில் விரல் ஓடும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது முழங்கால் ஆடிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காரணமே இல்லாமல் சேரங்கோடு வரைக்கும் நடந்துவிட்டு நனைந்து திரும்புவான். வந்ததும் வராததுமாக, "மெட்ராசுக்குப் போய்ப் பாத்தா என்ன புள்ள?" என்பான். அடுத்த வாரம் அது எர்ணாகுளமாக மாறியிருக்கும். இன்னொரு நாள், "மன்னாருக்கு வள்ளம் ஓடுதாமே, சிலோனுக்கே திரும்பிப் போக ஏலுமா?" என்று கேட்டான். தெய்வம்மா எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போனாள். லயத்தில் ஏற்கெனவே மூன்று வீடுகளில் ஆண்கள் இல்லை. திருப்பூருக்குப் போகிறேன், பெங்களூருக்குப் போகிறேன் என்று பஸ் ஏறியவர்கள். போன புதிதில் பணம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

சிலோனில், பண்டாரவளையில் அவனுக்கு ஒரு வாத்தியக் கூட்டம் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டே கல்யாண வீடுகளிலும் ஹோட்டல்களிலும் பைலா என்கிற துள்ளல் பாட்டு வாசிக்கிற நால்வர். எழுபத்தேழு கலவரத்தில் அவர்கள் சாமான் வைத்திருந்த மண்டபத்தை எரித்துவிட்டார்கள். டிரம்ஸ், பெட்டிகள், மைக் எல்லாம் போயின. கம்பி மாற்றுவதற்காக அன்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கிட்டார் மட்டும் தப்பியது. அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கப்பலேறி, மண்டபம் என்ற ஊரின் அகதி முகாமில் கிடந்து, அரசு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் வேலை கிடைத்து இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. அந்த நால்வரில் ஒருவன் கொழும்பில். ஒருவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. இன்னொருவன் திருச்சிப் பக்கம் கல்லுடைக்கிறானாம்.

சேரம்பாடி பஜாரில் சங்கிலி என்பவர் மைக் செட் வைத்திருந்தார். தேனிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுவார். போன மாரியம்மன் திருவிழாவில் காத்தமுத்து அவரைக் கெஞ்சி, கிட்டாரை மைக் செட்டில் மாட்டி வாசித்தான். கூம்பு ஸ்பீக்கரில் அது தகரத்தில் கல்லை உருட்டுவது போல் இருந்தது. சரி என்று பந்தலில் இருந்த பெட்டி ஸ்பீக்கருக்கு மாற்றினான். தடித்த கம்பியை ஒரு முறைதான் இழுத்தான். உள்ளே காகிதம் கிழிகிற சத்தம் வந்து, பெட்டி ஊமையாகிவிட்டது.

சங்கிலி திட்டவில்லை. கிழிந்ததை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க காத்தமுத்து, இது பாட்டுப் போடற பெட்டிங்க. நீங்க யானையக் கொண்டாந்து ஆட்டுக் கொட்டாயில கட்டறீங்க. பேஸுக்குன்னே செஞ்ச பெட்டி வேணும். குன்னூர்ல லூயிஸ்னு ஒருத்தரு இருக்காரு, கிளப்புல வாசிக்கறவரு. அவரு ஒண்ணு விக்கறதா ரிப்பேர் கடையில சொன்னாங்க. போயிப் பாருங்க, நான் சொல்லி அனுப்பறேன். வாங்கிட்டு வந்தா என் கடையிலயே வெச்சுக்கலாம். கரண்ட் இருக்குது."

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. தெய்வம்மா ஒரு வாரம் யோசித்தாள். கட்டிவந்த சீட்டை எடுத்தால் நானூறு வரும். மழைக்காலம் முடிந்ததும் மகளுக்குத் தோடு வாங்க நினைத்திருந்த பணம். ஒரு பெட்டி வந்து பஜாரில் உட்கார்ந்தால், இந்த மனுஷன் சாயங்காலம் அங்கே போய் வாசித்துவிட்டு இருட்டுக்கு முன் வீடு திரும்புவான், மெட்ராஸ் பேச்சு அடங்கும் என்று அவள் மனசில் ஒரு கணக்கு ஓடியது. சீட்டை எடுத்தாள்.

"நானும் வாரேன்" என்றாள்.

"எதுக்கு? அவ்வளவு தூரம்."

"வெல பேசத் தெரியுமா ஒங்களுக்கு? புடிச்சிருக்குன்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக்கிட்டுப் போவீங்க."

உண்மைக் காரணத்தை அவள் சொல்லவில்லை. தனியாக அனுப்பினால் அவன் திரும்பி வருவானா என்ற சந்தேகம் அவளுக்கு இருந்தது.

மகளை அடுத்த வீட்டு மாரியாயியிடம் விட்டுவிட்டு, ஞாயிறு விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். ஆனி மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. கூடலூரில் ஒரு பஸ், ஊட்டியில் ஒரு பஸ் என்று மாறிக் குன்னூர் போய்ச் சேரும்போது மாதா கோயில் பூசை முடிந்து ஆட்கள் குடை பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வழி நெடுக அவன் கிட்டாரை மடியில் வைத்து, சாக்கின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

லூயிஸின் வீடு சரிவில் படிகளுக்குக் கீழே இருந்தது. தகரக் கூரை, பலகைத் தரை. லூயிஸ் ஐம்பது வயதுக்காரர். கோயிலுக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமலேயே கதவைத் திறந்தார்.

"சங்கிலி சொன்ன ஆளுங்களா? உள்ள வாங்க, மழையில நிக்காதீங்க. செருப்பெல்லாம் இருக்கட்டும், வாங்க அம்மிணி."

பெட்டி ஜன்னலோரம் இருந்தது. கறுப்புத் துணி ஒட்டி, மூலைகளில் தகரம் அடித்த பெட்டி. ஒரு ஆள் சிரமப்பட்டுத் தூக்கலாம் என்கிற அளவு. மேலே காபி டம்ளர் வைத்த வட்டக் கறைகள்.

"பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட சொல்லிச் செஞ்சதுங்க. வீட்ல பழகறதுக்குன்னு வெச்சிருந்தேன். மேடையில வாசிக்கற பெருசு கிளப்புல கிடக்குது. இனி எனக்கு ரெண்டுமே வேண்டாம்." லூயிஸ் தன் இடது கையைக் காட்டினார். விரல் கணுக்கள் வீங்கி, நடுவிரல் பாதிக்கு மேல் மடங்க மறுத்தது. "குளிர் ஏறிருச்சு. கம்பியை அமுக்கினா உயிர் போகுது."

காத்தமுத்து குந்தி உட்கார்ந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பின்பக்கம் திறந்திருந்தது. முகத்தை உள்ளே விட்டு ஸ்பீக்கர் காகிதத்தின் விளிம்பை விரலால் தடவினான். ஒரு இடத்தில் கிழிந்து ரப்பர் பசை பூசியிருந்தது. வயரின் பிளக் பாதி உருகியிருந்தது. தெய்வம்மா அதையெல்லாம் மனசில் குறித்துக்கொண்டாள்.

"வெல எவ்வளவுங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

"அறுநூறு."

"கிழிஞ்சிருக்கே. பசை போட்டு ஒட்டியிருக்கு."

"அது பழைய காயமுங்க அம்மிணி. அதுக்கப்புறம் எத்தனையோ வருசம் வாசிச்சாச்சு." லூயிஸ் புன்னகைத்தார். "சரி, ஐநூறு வெச்சுக்குங்க. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது. மொதல்ல வாசிச்சுப் பாருங்க."

பிளக்கைச் சொருகியதும் பெட்டி உடனே பேசவில்லை. உள்ளே கண்ணாடிக் குழல் வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து சூடேறின. பிறகு ஒரு உறுமல் எழுந்தது. காத்தமுத்து திருகுகளை மெல்லத் திருப்பினான். ஒன்று கரகரத்தது. அவன் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கிட்டாரை மாட்டி, எழுந்து நின்று, தடித்த கம்பியை இழுத்தான்.

சத்தத்தைத் தெய்வம்மா காதால் கேட்கவில்லை. பலகைத் தரை வழியாக அது அவள் உள்ளங்காலில் ஏறியது. அலமாரியில் இருந்த கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. அவன் இன்னொரு தடவை இழுத்தான். பிறகு இடது கை கழுத்தில் இறங்கி ஏறி, வலது கை நடக்கத் தொடங்கியது. மெதுவாக ஆரம்பித்து, துள்ளி, ஒரு இடத்தில் சட்டென்று நின்று, மறுபடி பிடித்துக்கொண்டு ஓடுகிற அந்த நடை. கல்யாணமான புதிதில் பண்டாரவளை மண்டபத்தின் பின்பக்கம் நின்று அவள் கேட்டது அதுதான். நாலு வருடமாக அவள் அந்தச் சத்தத்தை மறந்திருந்தாள். அவன் மறக்கவில்லை என்பது இப்போது தெரிந்தது. டிக், டிக் என்று லயத்தில் கேட்டதெல்லாம் இதுதானா என்று நினைத்துக்கொண்டாள்.

லூயிஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். வீங்கிய விரல்கள் தொடையில் அசைந்தன. அவன் நிறுத்தியதும் கண்ணைத் திறந்தார்.

"எங்கீங்க பழகினீங்க?"

"சிலோன்லங்க. பண்டாரவளையில."

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க." லூயிஸ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சனிக்கிழமை சனிக்கிழமை கிளப்புல வாசிக்கறோம். கல்யாண சீசன்ல வெளியிலயும் போவோம். என் விரல் போனதுல இருந்து பேஸ் இல்லாம மத்தவங்க தடுமாறறாங்க. நீங்க இங்க வந்துருங்க. பின்னால ஒரு ரூம் சும்மாதான் இருக்குது. பகல்ல ஏதாவது டீ பேக்டரியில சொல்லி ஒரு வேலை பிடிச்சுக்கலாம். அப்புறமா குடும்பத்தைக் கூட்டிக்கலாம். வர்றதா இருந்தா இந்தப் பெட்டிக்குக் காசே வேண்டாமுங்க. இங்கயே இருக்கட்டும், உங்களுதுன்னு வெச்சுக்குங்க."

காத்தமுத்து வாயைத் திறந்தான். அவன் முகத்தில் வெளிச்சம் ஏறுவதை தெய்வம்மா பார்த்தாள். அவன் சொல்லப்போகும் வார்த்தை அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. அப்புறமாகக் கூட்டிக்கொள்ளலாம். திருப்பூர் போனவர்களும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துப் பணத்தை லூயிஸின் முன்னால் நீட்டினாள்.

"வேணாங்க. நாங்க காசு குடுத்தே எடுத்துக்கிறோம். நானூறுதான் இருக்கு, அதுக்கு மேல எங்களால ஏலாது. குடுப்பீங்கன்னா குடுங்க, இல்லாட்டி போயிட்டு வாரோம்."

லூயிஸ் பணத்தைத் தொடவில்லை. "சும்மா தர்றேங்கறேன், நீங்க காசை நீட்டறீங்களே."

"சும்மா வேணாங்க."

"உங்க ஊட்டுக்காரரு இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்களே அம்மிணி."

காத்தமுத்து திறந்த வாயை மூடிக்கொண்டான். குனிந்து கிட்டாரின் வயரை உருவினான். அதை முழங்கைக்கும் பெருவிரலுக்கும் நடுவே நிதானமாகச் சுற்றினான். சுற்றி முடித்துச் சாக்குக்குள் வைத்தான். லூயிஸ் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நோட்டுகளை வாங்கி எண்ணாமலே மேசை மேல் வைத்தார். "நனையாமக் கொண்டு போங்க. வால்வு உடைஞ்சிரும்" என்று மட்டும் சொன்னார்.

கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற ரப்பர் படங்கை தெய்வம்மா கொண்டுவந்திருந்தாள். பெட்டியை அதில் சுற்றிக் கயிறு போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேறினார்கள். ஊட்டி பஸ்ஸில் கண்டக்டர் மேலே ஏற்று என்றார். வால்வு இருக்கிறது என்று அவள் சண்டை போட்டு, லக்கேஜ் டிக்கெட் எடுத்து, கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளினாள். கூடலூர் இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் பெட்டி நகர்ந்து அவள் கணுக்காலில் இடித்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் மூடுபனி தவிர எதுவும் தெரியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் விரல்கள் இப்போது எதிலும் ஓடவில்லை. அவளுக்கு அது பழைய டிக் டிக்கை விடப் பயமாக இருந்தது.

நான் பெட்டியை வாங்கினேனா, இவரை வாங்கினேனா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். எதை வாங்கியிருந்தாலும் அதிக விலை கொடுத்துவிட்டதாகத் தோன்றியது.

கூடலூரில் சேரம்பாடி பஸ் கிடைத்தது. தேவாலாவைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, வெட்டி எடுக்க நேரமாகும் என்று டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவந்து சொன்னார். பஸ்ஸை மெல்லப் பின்னுக்கு எடுத்து தேவாலா பஜாரிலேயே நிறுத்தினார்கள். ஆட்கள் சலித்துக்கொண்டு இறங்கினார்கள். இவர்கள் இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"ஏன் அவ்வளவு அவசரமாக் காசை நீட்டுன?" என்று அவன் கேட்டான். குரலில் கோபம் இல்லை.

"பயந்துட்டேன்."

"என்னத்துக்குப் பயம்?"

"போயிருவீங்கன்னுதான். வேற என்னத்துக்கு? அந்த ரூம்ல இருந்துக்கிட்டு, அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்லுவீங்க. நான் புள்ளயக் கையில புடிச்சிக்கிட்டு பஸ்ஸப் பாத்துக்கிட்டே நிப்பேன். அந்த மூணு வீட்டுக்காரிகளும் நிக்கிறதப் பாக்குறேனே தெனமும்."

அவன் ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினான்.

"நான் ஏலாதுன்னுதான் சொல்லப் போனேன் புள்ள."

"மெய்யா?"

"ஒரு நிமிசம் குடுத்திருந்தா சொல்லியிருப்பேன். இப்ப, சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியாமப் போச்சு."

அவள் அழவில்லை. அழுதால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று தெரியும். அவன் எழுந்து கால் நீட்டப் போகிறேன் என்று இறங்கினான். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தான். எதிரே டீக்கடையில் பல்பு எரிகிறது, மரம் விழுந்தும் இங்கே கரண்ட் போகவில்லை என்றான். அவன் சொல்லாத மிச்சத்தையும் அவள் புரிந்துகொண்டு சீட்டுக்குக் கீழே குனிந்தாள்.

டீக்கடைக்காரர் மலையாளி. பெட்டியைப் பார்த்து, "இது எந்தா சேச்சி, ரேடியோவா?" என்றார். பாட்டுப் பெட்டி என்று அவள் சொன்னதும், "எங்கில் ஒண்ணு பாடட்டே, மரம் வெட்டற வரைக்கும் எல்லாரும் இங்க சாய குடிப்பாங்க" என்று பிளக் இருக்கும் இடத்தைக் காட்டினார்.

வோல்டேஜ் குறைவு. வால்வுகள் சூடேற வெகு நேரம் பிடித்தது. சத்தம் வந்தபோது அதுவும் லூயிஸ் வீட்டில் கேட்டது மாதிரி இல்லை. சளி பிடித்த தொண்டை போல இருந்தது. ஆனால் பெஞ்சு அதிர்ந்தது. பன் வைத்த கண்ணாடி ஜாடிகள் அதிர்ந்தன. மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். அவன் அந்தத் துள்ளல் நடையைப் பிடித்ததும் கூட்டத்தில் ஒரு பெண், "ஏய், இது நம்ம ஊரு பைலா!" என்று கத்தினாள். பஸ்ஸில் பாதிப் பேர் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த தோட்டத்து ஜனங்கள்தான். ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் சிங்களமும் தமிழும் கலந்து எதையோ பாட ஆரம்பித்து, வரி மறந்து, சிரித்து, மறுபடி பாடினார். இரண்டு பெண்கள் நனைந்த சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடை வாசலிலேயே ஆடினார்கள்.

தெய்வம்மா ஆடவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இப்போது ஆடாமல் அசையாமல் நின்று வாசித்தான். முழங்கால் ஆடவில்லை. முகம் அமைதியாக இருந்தது. ஆனால் அவன் கண் இந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தலைகளுக்கு மேலே, தாளம் போட வேண்டியவன் நிற்கிற இடத்தை, பாட்டுக்காரன் நிற்கிற இடத்தை அது தேடிக்கொண்டிருந்தது. தனியாக வாசிக்கிற வாத்தியம் இல்லை இது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சங்கிலி கடை மூலையில் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு இவர் எத்தனை நாளைக்கு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார்?

பல்பு மங்கியது. பெட்டியின் குரலும் அதோடு இறங்கியது. மரத்தை எடுத்தாயிற்று என்று கண்டக்டர் விசில் அடித்தார். டீக்கடைக்காரர் இவர்களிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

பஸ் கிளம்பிய பிறகு அவள் சொன்னாள்: "சனிக்கிழமை போங்க."

"எங்க?"

"குன்னூருக்குத்தான். சனிக்கிழமை அரை நாளோட கெளம்பினா சாயங்காலம் போயிரலாம். வாசிச்சிட்டு ஞாயித்துக்கெழம வந்துருங்க. வேலைய விட வேணாம். ரூம்லயும் இருக்க வேணாம்."

அவன் அவளையே பார்த்தான். "அந்த மனுசன் மூஞ்சியில அடிச்ச மாதிரி காசை வீசிட்டு வந்திருக்கோம். திரும்பச் சேப்பாரா?"

"சேப்பாரு. நீங்க வாசிக்கையில கண்ணை மூடிக்கிட்டிருந்தாரு. நான் பாத்தேன்."

லூயிஸ் சேர்த்துக்கொண்டார். காத்தமுத்து சனிக்கிழமை மதியம் கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். ஞாயிறு மாலை கண் சிவந்து, சிகரெட் புகை வாடையோடு, பேச்சு நிறைய வைத்துக்கொண்டு திரும்பினான். வாரநாள் சாயங்காலங்களில் சங்கிலி கடையில் பெட்டியைப் போட்டுப் புதுப் பாட்டுகளைப் பழகினான். கடைக்கு முன்னால் கூட்டம் சேர்வது சங்கிலிக்குப் பிடித்திருந்தது. சோற்றுத் தட்டில் விரல் ஓடுவது நின்றது. அதற்குப் பதிலாக சனிக்கிழமைகளில் தெய்வம்மாவுக்குத் தூக்கம் போனது. ஞாயிறு கடைசி பஸ் ஹாரன் அடிக்கும் வரை கை எதையாவது தேய்த்துக்கொண்டே இருக்கும். ஒரே பாத்திரத்தை மறுபடி மறுபடி கழுவுவாள்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. பிரட்டில் அவன் பெயரைக் கூப்பிட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மழை பேய்த்தனமாகப் பெய்தது. பஸ் ஏதும் வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். கூடலூர் வரை வருகிறது என்றும் சிலர் சொன்னார்கள். மதியம் கொழுந்தை எடை போட்டதும் அவள் பஜாருக்குப் போனாள். சங்கிலி கடையில் பெட்டி துணி போர்த்தி இருந்தது.

"பெட்டி இங்கதானுங்களே அம்மிணி இருக்குது. அதை விட்டுட்டு எங்க போவாரு?" என்றார் சங்கிலி.

அவளும் அந்த நினைப்பில்தான் ஓடி வந்திருந்தாள். பார்த்த பிறகு அது எந்த ஆறுதலையும் தரவில்லை. குன்னூரில் அதைவிடப் பெரிய பெட்டி இருக்கிறது. மரப்பெட்டியைக் காட்டி ஒரு ஆளைக் கட்டி வைக்க முடியுமா? அவன் வந்தாலும் அடுத்த சனி இதே மாதிரி நிற்கத்தான் போகிறோம், அதற்கடுத்த சனியும் இப்படித்தான். அவளால் வீட்டுக்குப் போய் உட்கார முடியவில்லை. படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு நேராகத் தோட்ட ஆபீஸுக்குப் போனாள். குன்னூர்ப் பக்கமும் அரசு தோட்டம் இருக்கிறதாமே, எங்கள் இரண்டு பேருக்கும் அங்கே மாற்றல் வேண்டும் என்று கேட்டாள். கிளார்க் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிலோனிலிருந்து வந்தவர்களை இங்கே குடி வைக்கவே இவ்வளவு பாடு, இதற்குள் மாற்றலா என்றார். அவள் நகரவில்லை. அவர் எழுதிக்கொள்ளும் வரை தண்ணீர் சொட்ட அங்கேயே நின்றாள்.

செவ்வாய் மாலை அவன் வந்தான். கூடலூருக்கு மேலே நடுவட்டத்தில் மண் சரிந்து ரோடு அடைந்துவிட்டதாம். பஸ்ஸிலேயே ஒரு ராத்திரி, அடுத்த ராத்திரி ஒரு கோயில் மண்டபத்தில். கிட்டாரைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தான். அவன் உடம்பில் நனையாத இடம் இல்லை.

அவள் சுடுதண்ணீர் வைத்தாள். அவன் வருத்தம் சொல்ல ஆரம்பித்தபோது குறுக்கே பேசினாள்.

"மாத்தல் கேட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"நமக்குத்தான். குன்னூர்ப் பக்கம். எழுதிக்கிட்டாரு."

அவன் துண்டைப் பிடித்தபடி நின்றான். "ஒனக்கு இங்கதானே மாரியாயி, மத்தவங்க எல்லாம். அங்க யாரு இருக்கா?"

"இங்க வரும்போது யாரு இருந்தா?"

அவன் துண்டை அவளிடம் நீட்டினான். அவள் பக்கத்தில் அடுப்போரமாக வந்து உட்கார்ந்தான். தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான். "நான் கேக்கணும்னு இருந்தேன். கேக்கப் பயமாயிருந்திச்சு" என்றான். அவள் அவன் தலையைத் துவட்டினாள். வேண்டும் என்றே கொஞ்சம் அழுத்தித் துவட்டினாள்.

மாற்றல் உடனே வரவில்லை. அவள் பல தடவை ஆபீஸுக்கு நடந்தாள். லூயிஸும் தனக்குத் தெரிந்த ஒரு அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார். சனிக்கிழமைகள் அப்படியே போயின. சில ஞாயிறுகளில் அவன் வந்தான், சில தடவை ஒரு நாள் பிந்தி வந்தான். மறு வருடம் பங்குனியில் உத்தரவு வந்தது. சங்கிலி ஒரு தேயிலை லாரியைப் பிடித்துக் கொடுத்தார். மாரியாயி லாரி கிளம்பும் வரை தெய்வம்மாவின் கையை விடவில்லை.

குன்னூர்ச் சரிவில் புது லயம் பழையதை விடச் சின்னது. குளிர் அதிகம், ஆனால் கரண்ட் இருந்தது. சாமான் இறக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்துவிட்டாள். ஆயம்மாள் என்று பெயராம். சட்டி பானைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவள், படங்கில் சுற்றிய பெட்டியை இருவரும் தூக்கி வந்ததும் கிட்டத்தில் வந்தாள்.

"நீங்க எந்த ஊருங்க அக்கா?"

தெய்வம்மா சேரம்பாடி என்று சொல்ல வாயெடுத்தாள். அது சரியில்லை என்று தோன்றியது. பண்டாரவளை என்றால் அடுத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். தாத்தாவின் ஊர் திருச்சிக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. அதன் பெயர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

"இப்பத்தான் வாரோம்" என்றாள்.

"இது என்னங்க பெட்டி, இத்தனை கனமா?"

"எங்க வீட்டுக்காரரோடதுங்க." பெட்டியை வாசற்படியில் இறக்கிவிட்டு தெய்வம்மா மூச்சு வாங்கினாள். "சத்தம் போடும். சுவரெல்லாம் அதிரும். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கங்க, பழகிரும்."